பாதியில் நின்ற வரி

பேசும் பெட்டி அன்றைக்குப் பார்த்துத்தானா வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

வேறொரு நாளாக இருந்தால் பரவாயில்லை. வாத்தியார் ஒரு நாள் பேசாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் அன்று மத்தியானம் முதியோர் இல்லத்திலிருந்து பொறுப்பாளர் அம்மா வருவதாக இருந்தது. வந்து வாத்தியாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: எங்கள் இல்லத்துக்கு வர உங்களுக்குச் சம்மதமா? அதற்கு வாத்தியாரேதான் பதில் சொல்ல வேண்டும். மகள் சொல்லக் கூடாது, மருமகன் சொல்லக் கூடாது, கேட்கும்போது அவர்கள் அந்த அறையில்கூட இருக்கக் கூடாது. அந்த இல்லத்தில் அப்படி ஒரு சட்டம். பதில் வராவிட்டால் அவருக்கென்று அங்கே ஒதுக்கிய கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் போட்ட சத்தத்தில் பலபேர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தொண்டையை ஒரு நரம்பு நோய் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. முதலில் குரல் போயிற்று. பிறகு கை நடுங்கத் தொடங்கியது, அதன் பிறகு தலை. தலை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருப்பதால் ஆமாம் என்கிறாரா இல்லை என்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. விரலால் ஒரு தட்டுத் தட்டச் சொன்னால் ஐந்து தட்டு விழும்.

ஆகவே பெட்டி. சக்கர நாற்காலியின் முன்னால் ஒரு கம்பியில் பொருத்திய கம்ப்யூட்டர். திரை முழுக்கக் கட்டங்கள். சிலவற்றில் எழுத்துகள், சிலவற்றில் முழு வாக்கியங்கள். ஒரு வெளிச்சம் கட்டம் கட்டமாக நகர்ந்து போகும். வேண்டிய கட்டத்துக்கு அது வரும்போது வாத்தியார் கையடியில் இருக்கும் பெரிய பொத்தானை அழுத்திப் பிடித்தால், பெட்டி அதைப் படிக்கும். நடுங்கி விழும் தட்டுகளைக் கணக்கில் எடுக்காமல், அழுத்திப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி மகள் அமைத்திருந்தாள். எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும், வெளிச்சம் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், எந்தக் குரல், எந்தெந்த வாக்கியங்கள், எல்லாம் ஒரே ஒரு அமைப்புக் கோப்பில் இருந்தன. காலையிலிருந்து அந்தக் கோப்பில் ஏதோ கோளாறு. பெட்டியைப் பேச வைக்கும் நிரலைத் திறந்தால் திரை ஒரு தடவை மினுக்கிவிட்டு மூடிக்கொண்டது.

"ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்" என்றார் மருமகன்.

"பண்ணிட்டேங்க."

"இன்னொரு தடவ?"

மகள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் ஜன்னல் பக்கம் ஒதுங்கிவிட்டார். அவர் பல்செட்டு செய்கிறவர். அச்செடுத்து, தேய்த்து, பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்க்கிற வேலை. மனிதருக்கு இருக்கும் பொறுமை அத்தனையும் பட்டறையிலேயே செலவாகிவிடும், வீட்டுக்கு மிச்சம் எடுத்து வருவதில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். கதவில் காது வைத்துக் கேட்டார். படியில் யாரோ ஏறினாலும் "வந்துட்டாங்க போல" என்றார். மேல்வீட்டுக்காரர் ஏறினால்கூட அப்படித்தான்.

மகள் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறாள். அங்கே அவளுக்குக் கம்ப்யூட்டர் மேடம் என்று பெயர், கொஞ்சம் பயமும் உண்டு. அமைப்புக் கோப்புகளில் கைவைத்துவிட்டு வந்து நிற்கும் டாக்டர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "நகல் எடுத்து வச்சீங்களா?" என்பதுதான். எடுத்திருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் அவள் பேசுவதை நின்று கேட்க டாக்டர்களுக்கே தைரியம் வராது. சொந்த அப்பாவின் பெட்டிக்கு அவள் நகல் எடுத்து வைத்திருந்தாளா என்றால், அதுதான் இல்லை.

நாற்காலியின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டளைத் திரையைத் திறந்தாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. வாத்தியாரின் கை நாற்காலிப் பிடியில் நடுங்கிக்கொண்டே இருந்ததால் டொக் டொக்கென்று ஒரு சத்தம். அது எப்போதும் இருக்கிற சத்தம்தான். அன்று மட்டும் அவளை அவசரப்படுத்துவது போல இருந்தது.

"பத்து நிமிஷம்பா, சரியாயிடும்" என்றாள். அவளுக்கே நம்பிக்கை இல்லை.

முதலில் எல்லோரும் செய்கிற சுலபமான வேலையைச் செய்தாள். பழுதான கோப்பின் பெயரை மாற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தாள். கோப்பு இல்லாவிட்டால் நிரல் தானாகப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அப்படியே உண்டாக்கிக்கொண்டது. பெட்டி திறந்தது. மருமகன் கைதட்டாத குறை.

"மாமா, ஏதாவது பேசுங்க!"

வாத்தியார் பொத்தானில் விரல் வைத்தார். அவ்வளவுதான். புதுக் கோப்புக்கு அவருடைய நடுக்கத்தைப் பற்றி என்ன தெரியும்? ஒவ்வொரு உதறலையும் ஒரு அழுத்தலாக எடுத்துக்கொண்டு, ரயில் நிலைய அறிவிப்பு வாசிக்கிற பெண் குரலில், "க க க ச க ச ச க" என்று கொட்டத் தொடங்கியது. வாத்தியார் பயந்து கையை எடுக்கப் பார்த்தார். எடுப்பதற்குள் இன்னும் ஒரு பிடி எழுத்து விழுந்தது. வாக்கியக் கட்டம் ஒன்றுகூட இல்லை.

"என்னடி இது, மாமா பொம்பளையா மாறி ஏலம் போடறாரு!" என்று மருமகன் சிரித்தார். சிரித்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நேரத்தையும் குரலையும் அதில் மறுபடி அமைத்துவிடலாம். ஆனால் வாக்கியங்கள் இல்லாமல், எழுத்தெழுத்தாகப் பொறுக்கி அவர் எப்போது பதில் சொல்லி முடிப்பது? வருகிற அம்மா அதுவரை உட்கார்ந்திருப்பாரா? பழைய கோப்பையே பழுது பார்ப்பது என்று மகள் முடிவு செய்தாள். கோப்பில் எங்கே கோளாறு என்று சோதிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். கடைசி வரி முடியவில்லை, கோப்பு பாதியில் நிற்கிறது என்று திரை பதில் சொன்னது. கடைசிப் பகுதியை மட்டும் காட்டச் சொன்னாள்.

காட்டியது.

நன்றி. வலி இல்லை. நல்லா இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா? உங்க இஷ்டம். அதற்குக் கீழே கடைசியாக: "எனக்குச் சம்மதம். நானே விரும்பி". அதோடு கோப்பு முடிந்துவிட்டது.

அந்த வரியை எழுதியது அவள்தான். முந்தின நாள் சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் தன்னுடைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, வீட்டு வைஃபை வழியாக அப்பாவின் பெட்டிக்குள் நுழைந்து, நேராக அமைப்புக் கோப்பிலேயே கைவைத்தாள். எந்தக் காரியத்துக்காக டாக்டர்களைத் திட்டுவாளோ அதே காரியம். இல்லத்து அம்மா கேட்கும்போது அப்பா ஒரே அழுத்தில் பதில் சொல்லிவிடலாமே என்று, "எனக்குச் சம்மதம். நானே விரும்பித்தான் வர்றேன்" என்று ஒரு கட்டம். அது சேமிப்பாகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மருமகன் வழக்கம்போலச் சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்திருக்கிறார். பெட்டிக்கும் மனுஷன் மாதிரி ஓய்வு வேண்டும் என்பது அவர் கட்சி. அவள் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அந்த வரியோடு அதற்குப் பின்னால் இருந்த நேரக் கணக்கும் குரலும் எல்லாம் அறுந்து போயின.

டொக் டொக் சத்தம் நின்றிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திரும்பினாள். வாத்தியார் கையைப் பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தார். கண் திரையில் இருந்தது. மற்றதெல்லாம் தளர்ந்து போனாலும் அவருக்குக் கண் மட்டும் அப்படியே இருக்கிறது, கண்ணாடிகூடப் போடுவதில்லை. அவர் மூக்குக்கு நேரே இருக்கும் திரையில்தான் அவள் இவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசித்துவிட்டார். வாசித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

"உங்களுக்கு அழுத்தறதுக்குச் சுலபமா இருக்கட்டும்னுதான்பா..." என்றாள். முகமெல்லாம் எரிந்தது.

மருமகன் குனிந்து அவள் காதோரமாகச் சொன்னார். "ரெண்டு வார்த்தைதானே பாக்கி. முடிச்சு விட்டுடு. நேரமாகுது."

"அப்பா சொல்ல வேண்டியத நான் எழுதலாமா?"

"அவருக்குச் சம்மதம்தான்னு நமக்குத் தெரியுமே. அன்னிக்குக் கேட்டோமே, சரின்னு சொன்னாரே."

கேட்டதும் உண்மை, சரி என்றதும் உண்மை. அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். அங்கே கிடைத்திருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. அதெல்லாம் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாற்றலே வராவிட்டாலும் இதற்கு மேல் தன்னால் முடியாது என்பதுதான் நிஜம். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வேலைக்குப் போனால் மனசு வீட்டில், வீட்டுக்கு வந்தால் உடம்பு விழுந்தால் போதும் என்று இருக்கும். அவளுக்கு அந்தக் கட்டில் வேண்டும். அந்த அம்மா இன்று வெறுங்கையோடு திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்தாலே அழுகை வந்தது.

ஆனால் "சரி" என்ற கட்டம் முதல் வரிசையில் முதல் இடத்தில் இருக்கிறது. வெளிச்சம் முதலில் போய் நிற்பதே அதன் மேல்தான். அங்கே வைத்தவளும் அவள்தான், ஆசையாகத்தான் வைத்தாள். களைத்த மனுஷன் கைக்கு எட்டியதை அழுத்தினால் அதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

பாதி வரியை அழித்தாள்.

"அடிப்பாவி" என்று மருமகன் மெல்லச் சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போனார்.

அறுந்துபோன மற்ற அமைப்புகளை நினைவிலிருந்து எழுதினாள். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், வெளிச்சத்தின் வேகம், அந்தக் கரகரத்த ஆண் குரல். எழுதி முடித்ததும் ஒன்று தோன்றியது. சம்மதம் இல்லை என்றால் அதையும் ஒரே அழுத்தில் சொல்ல வசதி இருக்க வேண்டும் அல்லவா? "வேண்டாம்" என்ற கட்டம் எந்த வரிசையில் இருக்கிறது? தூரத்தில் இருந்தால் முன்னுக்குக் கொண்டுவந்துவிடலாம். கோப்புக்குள் அந்தச் சொல்லைத் தேடச் சொன்னாள்.

ஒன்றும் வரவில்லை. அடுத்த கட்டளைக்காகக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது.

தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி தேடினாள். இல்லை. "மாட்டேன்" தேடினாள். "முடியாது" தேடினாள். "பிடிக்கல" தேடினாள். ஒன்றுமில்லை. மருத்துவமனையில் வைரஸ் தேடும்போது இப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால் நிம்மதியாக எழுந்து காப்பி குடிக்கப் போவாள். இங்கே எழுந்திருக்காமல், மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கட்டமாகப் படித்துப் பார்த்தாள்.

அத்தனை கட்டங்களும் அவளும் கணவருமாக உட்கார்ந்து யோசித்து யோசித்துப் போட்டவை. அப்பாவுக்கு என்னவெல்லாம் தேவைப்படும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். தலையணை, தண்ணீர், ஃபேன், கழிவறை, செய்தி, பாட்டு. நன்றிகூட இருந்தது. ஊரையே அதட்டிய மனுஷனுக்கு மறுத்துப் பேச ஒரு சொல் வேண்டும் என்று மட்டும் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எழுத்துகளைப் பொறுக்கி அவரே சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் இரண்டு எழுத்து வருவதற்குள் இவர்களில் ஒருவர் வார்த்தையை முடித்து, கேட்டதாக நினைத்துக்கொண்டதைச் செய்துவிட்டு, "அதானேப்பா?" என்பார்கள். அவர் "சரி"யை அழுத்துவார்.

முதல் வரிசையில் "சரி"க்குப் பக்கத்தில் "வேண்டாம்" என்று எழுதினாள். இந்த முறை ஒழுங்காக ஒரு நகலும் எடுத்து வைத்தாள். சோதிக்கச் சொன்னாள். கோப்பில் பிழை இல்லை என்றது திரை.

நிரலைத் திறந்தால் அதே ரயில் நிலையப் பெண் குரல். மகளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. முன்பு மூடிய நிரல் நிஜத்தில் மூடாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருந்து, தன் நினைவில் வைத்திருந்த புதுக் கோப்பை இவள் எழுதியதன் மேல் எழுதிவிட்டிருக்கிறது. என்னென்ன ஓடுகின்றன என்று பட்டியல் கேட்டு, அதைத் தேடிப் பிடித்து, கட்டளை கொடுத்து நிறுத்தினாள். நகலை அதன் இடத்தில் வைத்தாள். திறந்தாள்.

கட்டங்கள் வந்தன. வெளிச்சம் "சரி"யில் நின்றது. அடுத்து நகர்ந்தது.

வாத்தியார் அதைப் பார்த்தார். அவர் தலை ஆடிக்கொண்டிருந்தது, கண் மட்டும் ஆடவில்லை. கை மடியிலிருந்து பொத்தானுக்கு வந்தது. வெளிச்சம் ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை காத்திருந்து, அழுத்திப் பிடித்தார்.

"வேண்டாம்" என்றது கரகரத்த குரல்.

"ஆஹா, பேசுது! என்ன மாமா வேண்டாம்? தலகாணியா?" என்று மருமகன் ஓடி வந்து தலையணையில் கைவைத்தார்.

"வேண்டாம்."

"எடுக்க வேண்டாமா, வைக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஃபேன நிறுத்தவா?"

"வேண்டாம்."

"சரி, ஜூஸ் கொண்டு வரேன்."

"வேண்டாம்." அது வருவதற்கு வெளிச்சம் ஒரு முழுச் சுற்று வர வேண்டியிருந்தது. மருமகன் சமையலறை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார், கையில் டம்ளர் இல்லாமல். அப்படி அவர் திரும்பி வந்ததைப் பார்த்து வாத்தியார் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று மகளுக்கு நினைவில்லை.

அவளும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் பயம் பிடித்துக்கொண்டது. மனுஷன் இந்த ருசியில் இருக்கும்போது அந்த அம்மா வந்து கேட்டால் என்ன பதில் வரும்? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமா? கட்டளைத் திரை இன்னும் மூலையில் திறந்துதான் இருந்தது. ஒரு வரி. எடுத்துவிட்டு நாளைக்கு மறுபடி வைத்துவிடலாம். நாளைக்கு நிச்சயமாக வைத்துவிடலாம். விரல் விசைப்பலகைக்குப் போய்விட்டது. போனதை மறைக்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டளைத் திரையை மூடினாள். அழைப்பு மணி அடித்தது.

பொறுப்பாளர் அம்மா நனைந்த குடையோடு வந்தார். அதை வெளியிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி, நேராக வாத்தியார் முன்னால் போய் நின்றார். மருமகன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"ஐயா, இங்க உக்காரலாமா?" என்று வாத்தியாரைக் கேட்டார்.

கேட்டுவிட்டு நின்றார். மருமகன் "உக்காருங்க, உக்காருங்க" என்றது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. வெளிச்சம் நகர்ந்தது. "சரி" என்றது பெட்டி. அதன் பிறகுதான் உட்கார்ந்தார். உட்கார்ந்து, மற்ற இருவரையும் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார்.

சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் மெல்லிய பலகைச் சுவர். மகள் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருமகன் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் டப்பாக்களை எடுத்து எடுத்து வைத்தார்.

"எங்க இல்லத்துக்கு வர உங்களுக்கு இஷ்டமா ஐயா? அவசரமில்ல. மெதுவாச் சொல்லுங்க."

பொத்தானின் சின்ன டக் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக். எழுத்துகளைப் பொறுக்குகிறார்.

"இவ்ளோ நீளமா என்ன எழுதறாரு?" மருமகன் கிசுகிசுத்தார். "சரின்னு ஒரு அழுத்து அழுத்தினா முடிஞ்சுது."

"சும்மா இருங்க."

டக். இடைவெளி. டக். அந்த அம்மாவிடமிருந்து சத்தமே இல்லை. அவர் வார்த்தையை முடித்துக்கொடுக்கவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. மழை நின்று ஜன்னல் விளிம்பிலிருந்து சொட்டியது. மகளுக்கு உள்ளே ஓடிப்போய் எதையாவது பேசிவிட வேண்டும் போல இருந்தது. காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் கரகரத்த குரல் முழு வாக்கியத்தையும் வாசித்தது.

"அங்க நான் வேண்டாம்னு சொன்னா கேப்பீங்களா?"

மருமகன் கையில் இருந்த டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கேப்போம் ஐயா" என்றார் அந்த அம்மா. "எல்லாத்தையும் அப்படியே விட்டுடுவேன்னு பொய் சொல்ல மாட்டேன். குளிக்க வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பேன், கொஞ்சம் சண்டகூடப் போடுவேன். ஆனா உங்களக் கேக்காம எதையும் செய்ய மாட்டோம்."

டக். டக். இந்த முறை அதிக நேரம் ஆகவில்லை.

"அப்ப வரேன்."

மருமகன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தியா? பாத்தியா? சம்மதிச்சுட்டாரு! நான்தான் சொன்னேன்ல, அவருக்கு இஷ்டம்தான்னு!" சத்தம் போடாமல் சந்தோஷப்படுவதற்கு அவர் மிகவும் கஷ்டப்பட்டார். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மாற்றல் ஊருக்குப் போகலாம், தூங்கலாம், எல்லாம் செய்யலாம். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள்.

"உள்ள வாங்கம்மா, பேசியாச்சு" என்று அந்த அம்மா கூப்பிட்டார்.

மருமகன் கதவு வரை போய்த் திரும்பினார். "வா, கூப்பிடறாங்க."

குழாயை மூடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்க" என்றாள். "போயி, நான் உள்ள வரலாமான்னு அப்பாவக் கேட்டுட்டு வாங்க."